அப்பா நனைந்த ஞாயிற்றுக்கிழமை

…குடை இல்லை, அதைத்தான் ரோஸ்விதா முதலில் கவனித்தாள், பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பி நின்று பின்னால் வருகிற பெண்மணிக்குக் கை நீட்டுகிறார் அப்பா, அந்தக் கையிலும் குடை இல்லை, இந்தக் கையிலும் இல்லை, சால்ஸ்பூர்க்காரர்கள் யாரும் வானத்தை நம்பி வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை, அதிலும் அப்பா, வெயில் மண்டையைப் பிளக்கிற ஜூலையிலும் கறுப்புக் குடையைக் கைத்தடி மாதிரி ஊன்றிக்கொண்டு நடக்கிற எங்கல்பெர்ட், வேலையில் இருந்த காலமெல்லாம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய், வெள்ளம் புகுந்த நிலவறைகளையும் குழாய் வெடித்து ஊறிப்போன மரத்தரைகளையும் குனிந்து பார்த்து இவ்வளவு சேதம் என்று மதிப்புப் போட்டவர், தண்ணி கதவைத் தட்டிட்டு வராது ரோஸி என்று சாப்பாட்டு மேஜையில் சொல்லிச் சொல்லியே இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர், இன்றைக்கு வெறுங்கையை வீசிக்கொண்டு வருகிறார்… நடந்தா வருகிறார், ஏறக்குறைய ஓடி வருகிறார், எழுபத்தெட்டு வயதில், புது வெளிர்சாம்பல் கால்சட்டையும் அதற்குப் பொருந்தாத ஒரு சிரிப்புமாக. புதன்கிழமை போன் பண்ணியபோதே குரல் சரியில்லை, "ஞாயித்துக்கிழமை ஹெல்ப்ருனுக்கு வர்றியா, ஒருத்தங்கள உனக்கு அறிமுகப்படுத்தணும்" என்றார், ஒருத்தங்கன்னா யாருப்பா என்றதற்கு, "ஒருத்தங்கதான்" என்று வைத்துவிட்டார், உடனே கிராட்ஸில் இருக்கிற தம்பி ஃபோல்க்மாரைக் கூப்பிட்டாள், அவன் நிதானமாக, "அப்பாவுக்கு இந்த வயசுல ஒரு துணை கிடைச்சா நல்லதுதானே, அதுக்கு நீ ஏன் கத்தறே?" என்றான், நான் எங்கேடா கத்தினேன் என்று அவள் கத்தினாள்… சரி, துணை, இருக்கட்டும், ஊரில் காபிக் கடைக்கா பஞ்சம், எதற்கு ஹெல்ப்ருன்? நானூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு பேராயர் வெயில் காலத்தில் விருந்தாளிகளை நனைத்துப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே கட்டிய மஞ்சள் மாளிகை இது, கல்லுக்குள் கல்லாகத் தண்ணீரை ஒளித்துவைத்த தோட்டம், ஆனால் ரோஸ்விதாவுக்கு இது பேராயருடையதும் இல்லை நகரசபையுடையதும் இல்லை, அம்மாவுடையது, மூன்று வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஹெர்மினேயுடையது, பள்ளிக்கூடம் மூடின முதல் ஞாயிற்றுக்கிழமை வேறெங்கும் போகாமல் நேராக இங்கே வந்துதான் கோடைகாலத்தைத் தொடங்கிவைப்பாள் அம்மா… அந்த இடத்துக்கா ஒருத்தங்களைக் கூட்டிக்கொண்டு வருவது?

அந்த ஒருத்தங்க குள்ளமாக இருந்தாள், காலை அகட்டி ஊன்றி நின்றாள், நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தாள், ஏதோ ஒரு மெலிந்த பொன்முடிக்காரியை, முத்துமாலையை, வாசனைத் தைலத்தை எதிர்பார்த்து மூன்று நாளாக மனதுக்குள் அவளை வெறுத்துப் பழகியிருந்த ரோஸ்விதாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது, வெறுப்பை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியவில்லை. "ஓ, ரோஸி நீங்கதானா! போட்டோவுல கடுகடுன்னு இருந்தீங்க, நேர்ல அவ்வளவு மோசமில்ல." அப்பா, "சென்ஸி!" என்றார் பதறி, அவள், "என்ன சென்ஸி, நல்லபடியாத்தானே சொல்றேன், பெர்ட்டி, நீ சும்மா இரு" என்றாள். பெர்ட்டி… அம்மா ஒரு நாளும் பெயரைச் சுருக்கியதில்லை, எங்கல்பெர்ட் என்று முழுசாக, தபால்காரர் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுவாள், இவள் பெர்ட்டி என்கிறாள், அவரும் திரும்பிப் பார்க்கிறார், அது தன் பெயர்தான் என்பதுபோல. சென்ஸி வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை நகரத்தில் மேலே கம்பியைத் தொட்டு ஓடுகிற மின்சார பஸ் ஓட்டினவளாம், "வேலை பூரா கண்ணாடியில ஜனங்களப் பார்த்தே போச்சுங்க, அதனால மூஞ்சியப் பார்த்தா யாரு டிக்கெட் எடுக்காம ஏறியிருக்காங்கன்னு சொல்லிடுவேன்" என்று சொல்லிக்கொண்டே ரோஸ்விதாவின் முகத்தைப் பார்த்தாள், பையில் டிக்கெட் இருக்கிறதா என்று ரோஸ்விதாவின் கை தானாகத் தடவிப் பார்த்தது, சே, இதென்ன. எப்படிப் பழக்கம் என்று அவள் கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள், சென்ஸியே சொன்னாள், "மேல்வீட்டுக்காரரோட வாஷிங் மெஷின் ஒழுகி என் சமையலறைக் கூரை தொங்கிப் போச்சு, தண்ணியப் பத்தி எல்லாம் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காருன்னாங்க, வந்தார், கூரையப் பார்த்தார், சுவரத் தட்டினார், அப்புறம் உட்கார்ந்து சூப் குடிச்சார். சுவர் காய்ஞ்சு ஆறு மாசமாச்சு, மனுஷன் இன்னும் வந்து தட்டிப் பார்த்துட்டுதான் இருக்கார்." உதடு தன்னையறியாமல் விரியப் பார்த்தது, ரோஸ்விதா பல்லைக் கடித்துக்கொண்டாள், சிரிக்கக் கூடாது, இன்றைக்குச் சிரித்துவிட்டால் அப்புறம் எல்லாவற்றுக்கும் சரி என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

வழிகாட்டிப் பெண் அகலமான வைக்கோல் தொப்பி போட்டிருந்தாள், கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு முதலில் அந்தக் கல்மேஜைக்குத்தான் போனாள், எப்போதும் முதலில் அதுதான், நீளமான கல்மேஜை, இரண்டு பக்கமும் முதுகில்லாத கல்லிருக்கைகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சின்னத் துளை, தலைமாட்டில் இருக்கிற பேராயரின் இருக்கையில் மட்டும் துளை கிடையாது. "விருந்துக்கு யார் யார் வர்றீங்க? வெட்கப்படாதீங்க, சாப்பாடு கிடையாது, குடிக்க மட்டும்தான்!" என்று அவள் கூவ, இரண்டு மூன்று குழந்தைகள் ஓடின, லின்ஸிலிருந்து வந்த புதுத் தம்பதி ஒன்று போனது, ரோஸ்விதா வழக்கம்போல ஒதுங்கப் பார்த்தாள், அப்போது அவள் கையில் ஒரு மேல்கோட்டு வந்து விழுந்தது, அப்பாவுடையது, "இதக் கொஞ்சம் பிடிம்மா," அதன்மேல் ஒரு கைப்பை, சென்ஸியுடையது, "முட்டி ஆபரேஷன் பண்ணினது நனையலாமான்னு டாக்டர்கிட்ட கேக்கல, போகட்டும்"… அப்பா போகிறார், கல்மேஜையைப் பார்த்து நடக்கிறார், சரி, அவருக்குத் தெரியும், தண்ணீரின் போக்குவரத்து அவருக்குத் தெரியாததா, நேராகத் தலைமாட்டுக்குப் போய் உலர்ந்த இருக்கையில் உட்கார்ந்துகொண்டு சென்ஸி நனைவதைப் பார்க்கப்போகிறார், நியாயமான காரியம், அப்பா செய்கிற காரியம்… தலைமாட்டைத் தாண்டிப் போனார். தெரிந்தே தாண்டினார், தாண்டும்போது அதன் ஓரத்தை இரண்டு விரலால் ஒரு தட்டுத் தட்டினார், சுவரைத் தட்டுகிற மாதிரி, பிறகு நடுவில் ஒரு துளையிருக்கையில், புதுக் கால்சட்டையோடு, முழங்காலில் கை வைத்து, அலுவலகக் கூட்டத்தில் உட்காருவது போல நிமிர்ந்து உட்கார்ந்தார். "பேராயர் எழுந்திருக்கற வரைக்கும் யாரும் எழுந்திருக்கப்படாது!" என்றாள் தொப்பிக்காரி, எங்கோ ஒரு திருகைத் திருப்பினாள், மேஜையைச் சுற்றிலும் தண்ணீர் எழும்பியது, முதுகுக்குப் பின்னால் வளைந்து வளைந்து, இருக்கைகளின் அடியிலிருந்து பீறிக்கொண்டு, குழந்தைகள் வீல் என்று அலறின, லின்ஸ்காரப் பெண் புருஷனைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள், அப்பா எழுந்திருக்கவில்லை, சாம்பல் கால்சட்டை கறுத்துக்கொண்டே வர, மூக்குநுனியில் சொட்டு நிற்க, உட்கார்ந்திருந்தார், பிறகு ஒரு சத்தம் வந்தது, குளிர்காலத்தில் பழைய கார் கிளம்ப மறுத்துக் கிளம்புகிற மாதிரி ஒரு சத்தம், யாருக்கோ மூச்சு முட்டிவிட்டதோ என்று ரோஸ்விதா ஓரடி முன்னால் வைத்தாள்… அப்பா சிரிக்கிறார். அப்பா சத்தமாகச் சிரித்தால் இப்படித்தான் இருக்கும் என்பது ஐம்பது வயதில் அவளுக்குத் தெரிகிறது.

எல்லோரும் கைதட்டினார்கள், அவள் தட்டவில்லை, கையில்தான் கோட்டும் பையும் இருக்கிறதே, அந்தச் சாக்கு இருந்தது நல்லதாகப் போயிற்று, வந்தது கோபம்தான், வேறென்ன, எத்தனை கோடைகாலம் அம்மா, எத்தனை தடவை இதே மேஜையில் நீ உட்கார்ந்தாய், நீலப் புள்ளிச் சட்டையில், எங்களையும் உன்னோடு சேர்த்துக்கொண்டு, நாம் மூணு பேரும் கோழிக்குஞ்சு மாதிரி நனைந்து வெடவெடத்து நிற்போமே, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஈரம் சொட்டச் சொட்டச் சிரிப்போமே, இவர் மட்டும் பொட்டு நனையாமல் ஓரமாக நிற்பார், ஒரு தோளில் ரொட்டிப் பை, இன்னொரு தோளில் கோட்டுகள், கையில் உன் செருப்பு, தண்ணீரைச் சேதம் பார்க்க வந்தவர் போலப் பார்த்துக்கொண்டு… உனக்காக ஒரு தடவை உட்கார்ந்திருக்கக் கூடாதா, ஒரே ஒரு தடவை, உட்கார்ந்திருந்தால் நீ எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாய், இப்போது யாரோ ஒரு பஸ்காரிக்காக, சூப்புக்காக… ரோஸ்விதா தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் பரிசோதனைக்கு உட்காருகிறவர்களிடம் நாள் பூரா ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாள், இது தெளிவா தெரியுதா, இல்ல இதுவா, ஒரு வில்லையை எடுத்து இன்னொன்றைப் போட்டு, இதுவா, அதுவா, அநேகம் பேர் சலித்துப்போய் ரெண்டும் ஒண்ணுதாங்க என்பார்கள், ஒன்றாக இருக்காது, யோசித்துச் சொல்லுங்கள் என்பாள், அந்த மாதிரிதான் இப்போது, கண்ணெதிரே நனைந்து சிரிக்கிற இந்தக் கிழவரும், அந்தப் பழைய ஓரத்து மனிதரும், ஒன்றை எடுத்தால் இன்னொன்று மங்குகிறது, எது அப்பா?

அப்புறம் மாளிகைக்கு அடியில் இருக்கிற குகைகள், ஜில்லென்று, சிப்பியும் கல்லும் பதித்த சுவர்கள், தண்ணீர் விசையால் பறவை மாதிரி கூவுகிற அறை, அப்பா நடக்கும்போது சளக் சளக் என்று செருப்பு பேசியது, அதற்கே சென்ஸி சிரித்தாள், ஒரு குகையில் அந்தப் பெரிய காது முகமூடி, தாடையில் தண்ணீர் நிறைந்ததும் கண்ணை உருட்டி நாக்கை நீட்டுமே, அது நீட்டியது, சென்ஸியும் பதிலுக்கு நாக்கை நன்றாக வெளியே நீட்டிக் காட்டினாள், "எங்க டிப்போ மேனேஜர் அச்சு அசல் இப்படித்தான் இருப்பார், நாக்கு மட்டும் இன்னும் நீளம்," அப்பா, "சென்ஸி, குழந்தைங்க பாக்குது" என்றார், அப்படிச் சொன்னாரே தவிர அவருடைய நாக்குநுனியும் உதட்டோரத்தில் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனதை ரோஸ்விதா பார்த்துவிட்டாள். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள். வெளியே வருகிற படியில் ஈரப்பாசி, அப்பாவின் கால் வழுக்கியது, "ஐயோ" என்றுகூட யாரும் சொல்ல நேரமில்லை, வலது கையை ரோஸ்விதா பிடித்திருந்தாள், இடது கையைச் சென்ஸி பிடித்திருந்தாள், இரண்டு பேருக்கும் நடுவில் அப்பா துவைத்துக் கொடியில் போட்ட துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தார், அவர் தலைக்கு மேலாக இரண்டு பெண்களும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள், சென்ஸியின் முகத்தில் சிரிப்பு துடைத்துவிட்ட மாதிரி போயிருந்தது, வெளுத்திருந்தது, அந்தப் பயத்தை ரோஸ்விதாவுக்குத் தெரியும், ஆஸ்பத்திரி வராந்தாவில், அம்மாவின் கடைசி மாதங்களில், முகம் கழுவுகிற தொட்டிக்கு மேலே இருந்த கண்ணாடியில் தினமும் பார்த்த பயம்… சே, இவளுக்கும் அதே பயமா, ஆறு மாதத்து சூப்புக்கா இவ்வளவு பயம்? "விடுங்க ரெண்டு பேரும், நான் நல்லாத்தான் இருக்கேன், கை வலிக்குது" என்றார் அப்பா. யாரும் உடனே விடவில்லை.

இயந்திர பொம்மை நாடகத்துக்கு வந்தார்கள், ஒரு மாளிகை முகப்பு அளவுக்கு மரத்தாலான சின்ன நகரம், நூற்றுக்கணக்கில் பொம்மைகள், கசாப்புக்காரன் மாட்டை வெட்டுகிறான், நாவிதன் ஒருவனைப் பிடித்து வழிக்கிறான், கரடி ஆடுகிறது, சிப்பாய்கள் மாறி மாறி நடக்கிறார்கள், எல்லாம் தண்ணீரால், சக்கரங்களின் கடகடப்பு வெளியே கேட்காமலிருக்க ஒரு தண்ணீர் ஆர்கன் காது கிழிய வாசிக்கும், அது வாசிக்கத் தொடங்கியதும்தான் அப்பா அவள் காதருகில் குனிந்தார், இதற்கென்றே இந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தாரோ, ஏதோ சொன்னார், "என்னப்பா?" என்றாள், மறுபடியும் சொன்னார், இந்தத் தடவை பாதி கேட்டது, கேட்ட பாதியே போதுமாக இருந்தது, ஆனாலும், "கேக்கலப்பா" என்றாள், கேட்காமலே இருந்துவிட்டால் சொல்லாததாகிவிடுமா, சின்னப் பிள்ளை மாதிரி, ஐம்பது வயதில்… அப்பா மூச்சை இழுத்துக்கொண்டார், வாயைச் சுற்றிக் கையைக் குவித்துக்கொண்டார், சரியாக அந்த நொடியில் ஆர்கன் நின்றது, "நாங்க கல்யாணம் பண்ணிக்கப் போறோம், நீதான் சாட்சிக் கையெழுத்துப் போடணும்!" என்கிற அலறல் அந்த அமைதியில் மரநகரத்தின் கடைசி பொம்மைவரைக்கும் போய்ச் சேர்ந்தது. லின்ஸ்காரப் பெண் முதலில் கைதட்டினாள், அப்புறம் குழந்தைகள், அப்புறம் கூட்டமே, யாரோ விசில் அடித்தார்கள், தொப்பிக்காரி இதைவிட நல்ல சமயம் கிடைக்காதென்று திருகைத் திருப்பினாள், முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது, அலறிக்கொண்டு எல்லோரும் சிதற, அந்தக் களேபரத்தில் ரோஸ்விதா ஒரு தூணுக்குப் பின்னால் நழுவினாள், அங்கிருந்து பாதையில் இறங்கி நடந்தாள், அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், கோட்டையும் பையையும் மார்போடு அணைத்துக்கொண்டு, சட்டையில் ஒரு சொட்டு ஈரமில்லாமல்.

கையெழுத்து… மிராபெல் மாளிகைக் கல்யாணப் பதிவு அறையில், பளிங்குச் சுவருக்குள், தன் பெயரைத் தன் கையாலேயே… அம்மாவை அழித்துவிட்டு எழுதுகிற மாதிரி இல்லையா அது? அழிப்பதா, யார் அழிக்கச் சொன்னது, ஃபோல்க்மார் இருந்தால் அப்படித்தான் கேட்பான், அவனையே கேட்டிருக்கலாமே இவர், மகன்தானே, ஏன் என்னை… அடுத்த குகையில் ஒரு தண்ணீர்த்தாரையின் நுனியில் தகரக் கிரீடம் ஒன்று மேலே போவதும் கீழே வருவதுமாக இருந்தது, அதன் முன்னால் நின்றாள், கண் அதன் கூடவே ஏறி இறங்கியது, பின்னால் நொண்டி நடக்கிற காலடிச் சத்தம் கேட்டது, திரும்பாமலே தெரிந்தது. சென்ஸி பக்கத்தில் வந்து நின்று கொஞ்ச நேரம் கிரீடத்தைப் பார்த்தாள். "உங்களுக்குப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிடுங்க. நான் அழமாட்டேன். அவர்தான் அழுவார்." ரோஸ்விதா கையிலிருந்த கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "நான் அவர் சம்சாரத்தப் பார்த்ததில்ல. ஆனா தினம் அவங்களப் பத்திப் பேசுவார், ஹெர்மினே இப்படிப் பண்ணுவா, ஹெர்மினே அப்படிச் சொல்லுவான்னு. சில நாள் எனக்கே எரிச்சலா வரும். அப்புறம் அவங்களோட சாக்லேட் கேக் எப்படின்னு நானே கேட்டு எழுதிக்கிட்டேன், அவருக்குச் சொல்லத் தெரியல, வெண்ணெய் எவ்வளவுன்னு உங்களத்தான் கேக்கணும்." அம்மாவின் கேக்கில் வெண்ணெய் குறைவு, ஆப்ரிகாட் பழக்கூழ்தான் அதிகம், அதைச் சொல்ல வாயெடுத்தவள் வேறெதையோ கேட்டாள், கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததை, "அவர எப்படி அந்த ஸ்டூல்ல உட்கார வச்சீங்க? எங்க அம்மாவால முடியல."

சென்ஸி புருவத்தைத் தூக்கினாள். "நான் எங்க வச்சேன்? நான் வேணாம்னுதான் சொன்னேன், சளி பிடிச்சா நெஞ்சுல இறங்கும், எனக்குத்தான் வேலைன்னு. பஸ்ல வரும்போது அவராத்தான் ஆரம்பிச்சார், ரொம்ப நாள் ஆசை சென்ஸி, ஒரு தடவ உட்கார்ந்து பாத்துடணும்னு. அட, வருஷா வருஷம் வந்தீங்களாமே, உட்கார்ந்திருக்க வேண்டியதுதானேன்னேன். அதுக்கு என்ன சொன்னார் தெரியுமா? பையெல்லாம் யாரு வச்சுக்கறதுன்னார்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், சிரித்தவள் ரோஸ்விதாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள், "அடடா, கொடுங்க, என் பைய இவ்வளவு நேரமா நீங்களா சுமந்துட்டு நிக்கிறீங்க" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பையெல்லாம் யாரு வச்சுக்கறது… கோபமாகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா, கேட்டாள், "சேச்சே, மழ வருமான்னு கேட்டா வராதுன்னு சொல்ற மாதிரி சொன்னார்" என்றாள் சென்ஸி. அம்மா, நீ கேட்டாயா, ஒரு தடவையாவது, வாங்க எங்கல்பெர்ட், நீங்களும் வந்து உட்காருங்க என்று? கேட்டிருப்பாய், நீ கேட்காமல் இருப்பாயா… ஞாபகத்தில் இருப்பதெல்லாம் இதப் பிடிங்க, அதப் பிடிங்க, செருப்ப மறந்துடாதீங்க, பஸ்ஸிலிருந்து இறங்கின உடனே ஆணியில் மாட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாக அவர்மேல் மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடுவாயே, கெட்ட எண்ணத்திலா, இல்லை, அந்த மனுஷர் அங்கேயேதான் நிற்பார், எங்கேயும் போய்விட மாட்டார் என்கிற நிம்மதியில், அவரும் அப்படி நிற்பதில் ஒரு சந்தோஷம் வைத்திருந்தாரோ என்னவோ, இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அப்படித்தான் பழக்கிக்கொண்டார்களோ, ஐம்பது வருஷம் கிட்ட ஒன்றாக இருக்கிறவர்களுக்குக் கேட்காத கேள்வி ஒன்றிரண்டு இருக்காதா… உன்மேல் கோபப்படவும் முடியவில்லை அம்மா, இவர்மேல் வந்த கோபமும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அப்பா வந்துகொண்டிருந்தார், பாதையில், மெதுவாக, உடம்போடு சட்டை ஒட்டி எலும்பெல்லாம் தெரிய, பள்ளிக்கூடத்தில் தப்புப் பண்ணிவிட்டு வீட்டுக்கு வருகிறவர் மாதிரி, கிட்ட வந்து நின்றார், பேச வாயெடுத்துத் தும்மினார், ஒன்று, இரண்டு, மூன்றாவது வருமா என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். ரோஸ்விதா கோட்டை உதறி அவர் தோளில் போட்டாள், மேல்பித்தானைப் பூட்டினாள், அடுத்ததையும் பூட்டினாள், விரல்கள் அவர் கழுத்தில் பட்டன, ஐஸ்கட்டி மாதிரி இருந்தது, "எப்போ?" என்றாள் பித்தானைப் பார்த்துக்கொண்டே. "எது எப்போ?" "அதான், கையெழுத்து." அப்பா கோட்டுக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "செப்டம்பர்ல வச்சுக்கலாம்னு… மழ கொஞ்சம் கம்மியா இருக்கும்…" "சால்ஸ்பூர்க்லயா, மழ கம்மியா!" என்றார்கள் இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில், அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், தண்ணீர்தான், தலையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டுதானே இருந்தது. "வெண்ணெய் குறைச்சலாப் போடுங்க, பழக்கூழ்தான் நிறைய" என்றாள் ரோஸ்விதா சென்ஸியைப் பார்க்காமல். "தெரியும், வெண்ணெய்தான் கோளாறுன்னு எனக்குத் தெரியும், முதல் கேக்க வெட்டக் கத்தி போதல, ரம்பம் தேட வேண்டியதாப் போச்சு" என்றாள் சென்ஸி, அப்பா, "நான் முழுசாச் சாப்பிட்டேன்" என்றார் பெருமையாக.

வெளியே போகிற வழியில் கடைசியாக ஒன்று உண்டு, சுவரிலிருந்து கல்மான் தலைகள் எட்டிப் பார்க்கும், அவற்றின் கொம்புகளிலிருந்தும் வாயிலிருந்தும் தண்ணீர் பாதைக்குக் குறுக்கே பாயும், அப்பாவும் சென்ஸியும் இனி நனைய என்ன மிச்சமிருக்கிறது என்று கைகோத்துக்கொண்டு அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டார்கள், போட்டுவிட்ட கோட்டும் நனைந்து போயிற்று, ரோஸ்விதா இந்தப் பக்கம் நின்றாள், தொப்பிக்காரி, "வாங்க, வாங்க, நிறுத்திட்டேன்" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள், தண்ணீர் நின்றுதான் இருந்தது, ஆனால் அவள் கை திருகை விட்டு எடுபடவில்லை. தண்ணீர் வளைந்து விழுந்த இடத்துக்கு அந்தப் பக்கத்தில் சென்ஸி அப்பாவின் தலையைக் கைக்குட்டையால் துவட்டிக்கொண்டிருந்தாள், அவர் முகம் நன்றாகத் தெரிந்தது, மூடின கண்ணும் திறந்த வாயுமாக… அப்போதுதான் ரோஸ்விதாவுக்கு அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது, கல்மேஜையில், தண்ணீர் எழும்புகிற அந்த முதல் நொடியில், முடி கன்னத்தில் ஒட்ட, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாயைத் திறந்த முகம், முழு முகம், நேருக்கு நேராக. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு எப்படி முழு முகம் தெரியும்? ஃபோல்க்மார் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தது தெரிகிறது, எதிர்ப்பக்கம் ஒரு இருக்கை காலியாக இருந்தது தெரிகிறது, தன் முகத்தில் தண்ணீர் அடித்த ஞாபகம்… தேடினாள், இல்லை, எங்கேயும் இல்லை, கன்னத்தில் இருப்பது சொரசொரவென்று கம்பளி, வெயிலில் சூடேறின கம்பளிக் கோட்டின் வாசனை, பூச்சி உருண்டை வாசனை, தலைமேல் ஒரு கை, அசையாமல். நனைந்து சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனது அம்மாவும் ஃபோல்க்மாரும்தான், அவர்கள் சொல்லிச் சொல்லித் தானும் நனைந்ததாக ஆகிவிட்டதா, இத்தனை வருஷமும்? எதற்காக அப்பாவோடு ஓரத்தில் நின்றேன், தண்ணீருக்குப் பயந்தா, அம்மா நிற்கச் சொல்லியா, அவர் தனியாக நிற்கிறாரே என்றா… "ரோஸி, என்ன யோசனை, வா!" என்று அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார் அப்பா, வழிகாட்டிப் பெண்ணின் விரல்கள் திருகின்மேல் காத்திருந்தன, அவரைக் கேட்டால் தெரியும், ஞாபகம் இருந்தால் சொல்வார், ஆனால் எதைக் கேட்பது, நான் ஏன் உங்க பக்கத்துல நின்னேன் என்றா, நீங்க ஏன் என்னைப் போகச் சொல்லல என்றா… தண்ணீர் படுமே என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள், உலகம் மங்கியது, மங்கலுக்கு அந்தப் பக்கம் அசைகிற இரண்டு உருவங்களில் எது அப்பா என்று அவளுக்குச் சட்டென்று தெரியவில்லை, இரண்டையும் பார்த்தே காலை எடுத்து வைத்தாள்.